கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கூலர் பாக்ஸ்

போன இதழில் ஒரு வாசகி, பேர் போடாதீர்கள் என்ற கெஞ்சலோடு, பிள்ளைகள் ஃபுட்பால் ஆடும் மைதானத்தில் அப்பாமார்கள் குடிப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். இடமில்லாததால் பதில் அடுத்த மாதம் என்று போட்டுவிட்டேன். அவ்வளவுதான். சம்பந்தி சண்டை, வாடகைக்காரர் தொல்லை, இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று வருகிற என் தபால் பையில் இந்த மாதம் வேறு எதுவுமே இல்லை. திட்டியும் வந்திருக்கிறது, அழுதும் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் வாட்ஸாப் குரல்பதிவு, எழுதத் தெரியாது பேசத்தான் தெரியும் அக்கா என்ற மன்னிப்போடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், இத்தனை தலைமுறை தாண்டித் தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் பேச்சு தங்கியிருப்பதே பெரிய விஷயம், எழுத்து என் வேலை. இட்லி மாவுக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பத்து வயது. அண்டர்-11 டீமில் லெஃப்ட் விங் ஆடுகிறான். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆட்டம். பத்து மணிக்குள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பக்கி வண்டிகளின் பின்கதவு திறந்துவிடும், கூலர் பாக்ஸ் இறங்கும். என் வீட்டுக்காரரும் அதில் ஒருத்தர். கெட்டவர் இல்லை, வீட்டில் கை நீட்டியது கிடையாது, சம்பளம் ஒழுங்காக வரும். ஆனால் மூன்றாவது பியர் டப்பாவுக்கு அப்புறம் ரெஃப்ரியைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். போன வாரம் பையன் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "அம்மா, அப்பாவுக்கு சனிக்கிழமை ஓவர்டைம் கிடைக்குமான்னு கேளேன்" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவரிடம் எப்படிச் சொல்வது?
ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, உங்கள் மகன் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அப்பா வர வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, ஓவர்டைம் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்குத் தலைகுனிவு வராமல், உங்களுக்கும் மனசு நோகாமல், யார் மேலும் பழி விழாத ஒரு காரணத்தைப் பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறது. கார்னர் கிக் வந்தால் எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டிய தலை அது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தவள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், ஓட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை, ஆனால் வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டே அன்று காலையில் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். முதல் வருஷம் நம்பினேன். இரண்டாம் வருஷம் சோம்பேறி என்று நினைத்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வரும். மூன்றாம் வருஷம்தான் அவனுடைய ஆயா வந்து விஷயத்தைச் சொன்னார், ஏதோ ஒரு வருஷம் அவன் அப்பா ஒரு மாதிரியாக மைதானத்துக்கு வந்து மைக்கைப் பிடுங்கிப் பேசிவிட்டாராம். அப்போது பையனுக்கு ஆறு வயது. அந்த மைக் கதை எங்கள் டீச்சர் யாருக்குமே ஞாபகம் இல்லை. அவனுக்கு மட்டும் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்று கவனியுங்கள். நல்லதாக ஒரு பந்து அடித்த அடுத்த நொடி பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று. கோட்டுக்கு வெளியே நிற்கிற தன் ஆளைத்தான் பார்ப்பார்கள், பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள. அந்த நொடியில் அப்பா டப்பா மூடியைத் திறந்துகொண்டிருந்தால், இல்லை பக்கத்து ஆளோடு சிரித்துக்கொண்டிருந்தால், கோல் விழுந்ததே வீண்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சனிக்கிழமை சொல்லாதீர்கள், அவர் கூட்டாளிகள் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். செவ்வாயோ புதனோ, சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். பையன் சொன்ன அந்த ஓவர்டைம் வார்த்தையை அப்படியே போட்டு உடைக்காதீர்கள், உடைத்தால் நாளைக்கே அவர் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பார், அதோடு அந்தப் பிள்ளை உங்களிடமும் வாயைத் திறக்க மாட்டான். "நான் பார்த்தேன்" என்று உங்கள் கண்ணை வைத்தே பேசுங்கள். "குடிக்காதீர்கள்" என்று ஆரம்பித்தால் சண்டை. "ஆட்டம் முடிகிறவரை" என்று ஆரம்பித்தால் பேச்சு.

உங்கள் வீட்டில் புரட்டாசி பிடிப்பீர்களா? இந்த நாட்டில் நம் வீடுகளில் தமிழ் போனாலும் புரட்டாசி போகவில்லை, செப்டம்பர் நடுவில் ஆரம்பித்து ஒரு மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது, பாட்டிலும் கிடையாது என்று எத்தனை வீட்டில் பார்க்கிறோம். எங்கள் வீட்டுக்கு எதிர் மைதானத்தில் சீசன் முடிகிற ஆட்டங்கள் அந்த மாதத்தில்தான் வரும். அதே ஆட்கள், அதே பக்கிகள், அதே கூலர் பாக்ஸ், உள்ளே வெறும் ஜூஸும் ஆரஞ்சுப் பழமும். ரெஃப்ரி அப்போதும் தப்பாகத்தான் விசில் ஊதுவார், ஆனால் ஒருத்தர் வாயிலிருந்தும் அசிங்கமான வார்த்தை வராது. காவடி எடுக்கிறவர்கள் அதற்கு முன்னால் பத்து நாள் விரதம் இருக்கிறார்களே, அவர்களும் இதே ஆட்கள்தானே. முடியும் என்பதற்கு உங்கள் வீட்டுக்காரரே சாட்சி. முருகனுக்காகப் பத்து நாள், பெருமாளுக்காக முப்பது நாள் முடிகிறவருக்கு மகனுக்காக இரண்டு மணி நேரம் முடியும். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் சொல்கிறேன். கோச்சிடம் தனியாகப் பேசி அவரை லைன்ஸ்மேன் ஆக்கிவிடுங்கள். கையில் கொடி இருந்தால் டப்பா இருக்காது, ரெஃப்ரி வேலை எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் வண்டி. திரும்பி வரும்போது யார் ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. லிஃப்ட் கிளப்பில் இன்னொரு வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வண்டியில் ஏறுகிறார்கள் என்றால் இந்த விஷயத்தில் மட்டும் நாசூக்கு பார்க்காதீர்கள், சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் அந்த இரண்டு மணி நேரம் அவரால் முடியவே இல்லை, கை நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது என்றால் அது மைதானப் பிரச்சினை இல்லை, உடம்புக்கு வந்த நோய். மது, போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கிற சான்கா அமைப்புக்கு டர்பனில் நிலையம் இருக்கிறது. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம், குடிப்பவரின் வீட்டார் கூடிப் பேசுவதற்கு அல்-அனான் கூட்டங்களும் உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி: ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறீர்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக மைதானத்துக்கு வருகிறேன். ரெண்டு பியர் குடித்தால் என்ன குடி முழுகிப் போச்சு? டிவியில் கிரிக்கெட் பார்த்தால் ஆடுகிறவன் சட்டையிலேயே பியர் பேர் இருந்தது. கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்துப் புல்மேட்டில் உட்கார்ந்து எல்லாரும் குடிக்கிறார்கள். அங்கே சரி, இங்கே தப்பா?
ஒரு அப்பா, ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, தமிழில் குடி என்றால் குடும்பமும்தான், குடிப்பதும்தான். எதைக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். வராத அப்பாக்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது. நீங்கள் வருகிறீர்கள் என்பதாலேயே இவ்வளவு பேசுகிறேன்.

சட்டையில் பியர் பேர் இருந்தது உண்மை. அதே அணியில் நம் டர்பன் பையன் ஹாஷிம் அம்லாவும் ஆடினார். மதத்தில் மது கூடாது, ஆகவே காஸில் பியர் சின்னம் இல்லாத சட்டை வேண்டும் என்று கேட்டார், கொடுத்தார்கள். அந்தச் சின்னம் இல்லாமல்தான் 2012ல் ஓவல் மைதானத்தில் 311 அடித்து நாட் அவுட்டாக நின்றார், டெஸ்டில் முச்சதம் அடித்த முதல் தென்னாப்பிரிக்கர். சட்டையில் பேர் இல்லாததால் ஒரு ரன்னும் குறையவில்லை. புல்மேட்டு விஷயம் வேறு. அங்கே உள்ளே ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்குகிற பெரிய ஆட்கள், நீங்கள் கைதட்டினீர்களா கொட்டாவி விட்டீர்களா என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பையன் பார்ப்பான்.

இப்போது கணக்கு. 340 மில்லி டப்பா, 5 சதவீதம் என்றால் உள்ளே 17 மில்லி சுத்த ஆல்கஹால். அதை முடிக்க உடம்புக்குச் சுமார் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். 750 மில்லி குவார்ட் பாட்டில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராமைத் தொடக்கூடாது, ஊதிப் பார்க்கிற கருவியில் 1000 மில்லி மூச்சுக்கு 0.24 மில்லிகிராம். டாக்சி, லாரி ஓட்டுகிற லைசென்ஸ்காரர்களுக்கு இன்னும் கெடுபிடி, 0.02தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு டப்பா குடித்தால் நடுத்தர உடம்புக்காரர் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்பார், ஒல்லியானவர் தாண்டியே விடுவார். இதில் ராத்திரித் தூக்கம் இல்லாததை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. "ரெண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். என் வயதில் நான் நிறைய "ரெண்டு" பார்த்துவிட்டேன் தம்பி, மூன்றுக்கும் அஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற ஒரு எண் அது.

பியரோடு நிற்பதும் இல்லையே. இந்த ஊரில் கேன் என்றால் டப்பாவும்தான், கரும்பிலிருந்து இறக்குகிற ஸ்பிரிட்டும்தான், நம் தாத்தாமார்கள் வெட்டிப் போட்ட அதே கரும்பு. அது 43 சதவீதம். அதைப் பச்சைக் கிரீம் சோடாவில் கலந்து பிளாஸ்டிக் கப்பில் வைத்தால் பிள்ளைகள் குடிக்கிற சோடாவுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. வெயிலில் ஓடி வந்த ஒரு சின்னப் பெண் அப்பா கப்பை எடுத்து ஒரே மடக்கில் இழுத்துவிட்டு இருமியதை நானே பார்த்திருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா என்று தெரியவில்லை.

கேள்வி: எனக்கு 79 வயது. கர்ரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் ஆடியவன். எங்கள் காலத்தில் பிள்ளைகள் முன்னால் ஒருத்தனும் பாட்டிலைத் திறக்க மாட்டான். இந்தத் தலைமுறைக்கு மட்டும் மரியாதை எங்கே போச்சு?
ஒரு தாத்தா, மியர்பேங்க்

பதில்: தாத்தா, கும்பிடுகிறேன். பாதி ஒத்துக்கொள்கிறேன், மீதிப் பாதிக்குக் கோபிக்கக் கூடாது.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கின நாளிலிருந்து நம் ஆட்கள் வேலை செய்தது கரும்புத் தோட்டத்தில். சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் ரம்மும் இருந்தது. அப்போதே குடித்தார்கள், நொந்துபோய்க் குடித்தார்கள். அப்புறம் தோல் நிறத்தைப் பார்த்துச் சட்டம் வந்தது, யார் எங்கே வாங்கலாம், எங்கே குடிக்கலாம் என்று. கறுப்பின மக்கள் கடையில் பாட்டில் வாங்க 1960களின் தொடக்கம் வரை தடை. அதே நேரம் 1908லிருந்து டர்பன் நகராட்சி சோள பியரைத் தான் மட்டுமே விற்கலாம் என்று ஏகபோகம் எடுத்து, அந்தக் காசை வைத்தே அந்த மக்களை அடக்கி ஆளும் நிர்வாகத்தை நடத்தியது. 1963ல் நம் ஆள் பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓபன் கோல்ஃப் ஜெயித்தபோது கிளப் கட்டிடத்துக்குள் அவரை விடாமல் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள், உள்ளே வெள்ளைக்காரர்கள் உலர்ந்த சட்டையோடு இருந்தார்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டுக்குப் பக்கத்தில் கிளாஸோடு நிற்பது என்பது ஒரு காலத்தில் வெள்ளைக்காரருக்கு மட்டும் கிடைத்த சொகுசு. கதவு திறந்த பிறகு நம் ஆட்களும் கிளாஸோடு வெளியே வந்து நின்றதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று எனக்குத் தோன்றும். அதனால் அது நல்லது என்று சொல்ல வரவில்லை.

மரியாதை என்கிறீர்கள். என் அப்பா பாட்டிலை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பார். எங்கள் முன்னால் திறந்ததே இல்லை. எங்கள் ஆறு பேருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும், எந்த வெள்ளிக்கிழமை அம்மா பேச மாட்டார் என்றும் தெரியும். ஆகவே அந்தக் கால மரியாதையில் பாதி மறைப்பு.

நிஜமாகவே மாறினது வேறு ஒன்று. மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் என்ற நம் பழைய குடியிருப்புகளில் ஒவ்வொருத்தரும் யார் மகன், யார் மருமகன் என்று எல்லாருக்கும் தெரியும். இனத்துக்கு ஒரு இடம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டிப் பிடுங்கி 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது அந்தக் கண்கள் எல்லாம் தெருத்தெருவாகச் சிதறிவிட்டன. இன்றைக்கு மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் வண்டி நம்பரை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். கூச்சப்படுவதற்கு அங்கே ஆள் வேண்டுமே. நீங்கள் போங்கள் தாத்தா. ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப்போய்க் கூலர் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள், ஒன்றும் பேச வேண்டாம். மூடி தானாக மூடிக்கொள்ளும்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 13 வயது, நெட்பாலில் கோல் டிஃபென்ஸ். அம்மா மூடி போட்ட காபி கப்பில் ஒயின் கொண்டு வருவாங்க. யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறாங்க. எல்லாருக்கும் தெரியும். என் ஃபிரெண்டோட அம்மா இனிமே அவளை எங்க கார்ல அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மாவைத் திட்டாம பதில் சொல்லுங்க.
பேர் வேண்டாம், டோங்காட்

பதில்: திட்டவில்லை கண்ணு. இந்த மாதம் வந்த அத்தனை கடிதமும் அப்பாக்களைப் பற்றி, நீ ஒருத்திதான் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆம்பளைகள் கூலர் பாக்ஸைத் திறந்து வைத்துக் குடிக்கலாம், பொம்பளைகளுக்கு மூடி வேண்டியிருக்கிறது. உன் அம்மா வெட்கப்படுகிறார் என்பதற்கு அந்த மூடியே சாட்சி.

உன் ஃபிரெண்டின் அம்மா உன்னை ஒதுக்கவில்லை, தன் பிள்ளை எந்த வண்டியில் ஏறுகிறாள் என்று பார்த்தார், அது அவர் வேலை. உனக்கும் அதே உரிமை இருக்கிறது. அம்மா ஓட்டுகிற நிலையில் இல்லை என்று தெரிந்தால் நீ அந்த வண்டியில் ஏறக் கூடாது. அது மரியாதைக் குறைவு இல்லை. இப்போதே ஒரு பெரியவரைப் பிடித்து வை, ஆயாவோ பெரியம்மாவோ கோச்சோ, போனில் ஒரு ஆரஞ்சுப் பழப் படம் அனுப்பினால் வந்து கூட்டிப்போக வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்று பேசிவை. அவரிடம் ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடு, அம்மாவிடம் பேசுவது அதுக்கு அப்புறம் அவர் பொறுப்பு. கப்பில் எவ்வளவு குறைந்தது என்று நீ கண்காணிக்காதே. கோட்டுக்கு உள்ளே மட்டும் நீ டிஃபென்ஸ். வெளியேயும் நின்று தடுக்க உனக்குப் பதிமூன்று வயது போதாது, எனக்கே போதாது.

பேச யாருமே கிடைக்காத ராத்திரியில் 116 என்ற நம்பரைக் கூப்பிடு, சைல்ட்லைன், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். இங்கே திரும்ப எழுது, அச்சில் போட மாட்டேன்.

கேள்வி: நான் பள்ளி ஃபுட்பால் கோச். குடித்துவிட்டு நிற்கிற பெற்றோரை வெளியே போகச் சொல்ல எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? "நீ யாருடா" என்று கேட்கிறார்கள்.
ஒரு பயிற்சியாளர், வெருலம்

பதில்: பள்ளி மைதானம் என்றால் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது தம்பி. 2001ல் வந்த பொதுப் பள்ளிப் பாதுகாப்பு விதிகள் குடித்த நிலையில் யாரும் பள்ளி வளாகத்துக்குள் நுழையக் கூடாது என்கின்றன, பெற்றோருக்கு விலக்கு என்று எதுவும் இல்லை. நீங்கள் நேரடியாக மோதாமல் தலைமையாசிரியர் மூலம் போங்கள், விதியின் அந்த ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கேட்டில் ஒட்டுங்கள். மாநகராட்சி மைதானம் என்றால் வாடகைக்கு எடுத்தபோது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள், நிபந்தனைகள் அதில்தான் இருக்கும், ஒருவரும் படிப்பதில்லை.

ஆனால் சட்டத்தை விட சீசன் தொடக்கத்துக் கூட்டம் பெரிசு. ஜெர்சிக்குக் காசு வாங்குகிற அன்றைக்கே, எல்லாரும் நிதானமாக இருக்கும்போதே, ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்: முதல் ஆட்டம் தொடங்கி கடைசிப் பிள்ளை கிளம்புகிறவரை மது இல்லை, மீறினால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவார். ஒரே ஒரு தடவை நிஜமாகவே நிறுத்துங்கள். பதினொரு பிள்ளைகள் நடுமைதானத்தில் இடுப்பில் கை வைத்து ஒரு ஆளையே பார்த்துக்கொண்டு நின்றால் அந்த ஆள் தானாக நகர்வார். "நீ யாருடா" என்று கேட்டவரிடம் அப்போது பதில் சொல்லத் தேவை இருக்காது. ஆனால் ஒன்று, மறுபடி அடுத்த சனிக்கிழமை அவர் வந்தால் முதல் ஆளாகப் போய்க் கை கொடுங்கள். அவர் பையன் பார்த்துக்கொண்டிருப்பான்.

கேள்வி: நாங்கள் திருச்சியிலிருந்து வந்து ஜோஹன்னஸ்பர்க்கில் மூன்று வருஷமாக இருக்கிறோம். மகனுடைய பள்ளி ரக்பி நாளில் பெரிய கூடாரம் போட்டு மற்ற பெற்றோர் எல்லாரும் பியர், ஒயின் என்று நிற்கிறார்கள். என் கணவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்துவிடுகிறார்கள். மறுத்தால் ஒட்டாதவர்கள் என்று நினைப்பார்களோ என்று வாங்கிவிடுகிறார். டாஸ்மாக் இருக்கிற தெருப் பக்கமே போகாதே என்று வளர்க்கப்பட்டவள் நான்.
ஒரு வாசகி, மிட்ராண்ட்

பதில்: இந்த நாட்டுக்கு வருக வருக. முதலில் ஒரு எச்சரிக்கை, இங்கே பக்கி என்றால் பின்னால் சாமான் ஏற்றுகிற வண்டி, யாராவது "உங்கள் பக்கி நல்லா இருக்கு" என்றால் அடிக்கப் போகாதீர்கள்.

பிள்ளை இருக்கிற இடத்தில் கிளாஸ் பிடித்து நிற்பது இங்கே பல பேருக்கு நெருப்பில் கறி சுடுவதோடு சேர்ந்த சனிக்கிழமைப் பழக்கம், மறைக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் மறைத்துக் குடித்தார்கள், பிள்ளைகளுக்கு அதனால் நல்லது நடந்ததா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால் அவர்களை மட்டமாகவும் பார்க்க வேண்டாம், அவர்களைப் போல ஆகவும் வேண்டாம். "நான்தான் வண்டி ஓட்டுகிறேன்" என்ற ஒரு வரி இங்கே எல்லாக் கூடாரத்திலும் செல்லுபடி ஆகும், அதற்கு மேல் ஒருத்தரும் வற்புறுத்த மாட்டார்கள். கை காலியாக இருந்தால்தான் திணிப்பார்கள், ஆகவே உள்ளே நுழைந்ததும் ஒரு ஜிஞ்சர் பியரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பேரில்தான் பியர், உள்ளே இஞ்சியும் சர்க்கரையும். அப்புறம் அடுத்த தடவை ஒரு டப்பா நிறைய மிளகாய் பஜ்ஜி கொண்டு போங்கள். ஒட்டாதவர்கள் என்று யார் சொல்கிறார்கள் பார்க்கலாம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் குடித்ததே இல்லையா?
பெயரில்லை, ஊரில்லை

பதில்: தங்கை கல்யாணத்தில் ஷேண்டி, பியரில் லெமனேட் கலந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள். அங்கே யாரும் அண்டர்-11 ஆடிக்கொண்டிருக்கவில்லை.

கேள்வி: எங்கள் கிளப்புக்கு வருமானமே ஃபேமிலி டே அன்று போடுகிற பியர் கூடாரம்தான். அதை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஜெர்சி கிடையாது, கோல் வலை கிடையாது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?
ஒரு பொருளாளர், ஐசிபிங்கோ

பதில்: நியாயமான கேள்வி, இதே கேள்வி நாடாளுமன்றம் வரைக்கும் போய் வந்தது. 2022ல் வந்த அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்த மசோதாவில், நிதி திரட்டும் நிகழ்ச்சி போன்றவற்றுக்காகப் பள்ளி வளாகத்தில் நிபந்தனைகளோடு மது விற்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பெற்றோர்களும் ஆசிரியர்களும் போட்ட சத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. நீங்கள் பள்ளி இல்லை, கிளப், ஆனாலும் உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். உங்களிடம் அந்தத் தேதிக்கு மாகாண அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், இல்லையென்றால் பொருளாளர் தலைதான் உருளும்.

காசுக்கு வழி கேட்டால், நம் ஊரில் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் பணம் எப்படிச் சேர்த்தார்கள்? பிரியாணி டிக்கெட்தான். ஒரு மாதம் முன்னாலேயே டிக்கெட்டை விற்றுவிட்டால் எத்தனை பானை வைக்க வேண்டும் என்று கணக்குத் தெரிந்துவிடும், மீதி ஆகாது, காசு கையில் முன்பணமாக இருக்கும். வெள்ளி ராத்திரி வெங்காயம் உரிக்க அந்தக் கூலர் பாக்ஸ் அப்பாக்களைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் கூடி நிற்க ஒரு இடம் வேண்டும்தானே, அதைத்தான் அவர்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் தேடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பருப்பைத் தனி டப்பாவில் கொடுங்கள், பிரியாணி மேல் ஊற்றி நசநச என்று ஆக்காதீர்கள். எனக்கு இரண்டு டிக்கெட், ஒன்றில் உருளைக்கிழங்கு கூடுதலாக.